செல்லப் பிராணியோடு வாடகை வீடு: அந்த 'முடியாது' எங்கிருந்து வருகிறது?

வாடகை, முன்பணம், எத்தனை பேர் குடிவரப் போகிறீர்கள் என்று பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். "எங்களிடம் ஒரு நாய் இருக்கிறது" என்று சொன்னதும் மறுமுனையில் குரல் மாறிவிடும். "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். அப்புறம் அழைப்பே வராது. மற்றவர்கள் நாலைந்து வீடு பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். பிராணி வளர்ப்பவர்களோ சம்மதிக்கிற வீட்டை முதலில் கண்டுபிடித்துவிட்டு, வாடகை, இடவசதி, வேலைக்குப் போகும் தூரம் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுவும் முடியாதபோது பிராணி காப்பகத்துக்குப் போகிறது. நாயையும் பூனையையும் காப்பகத்தில் விடுகிறவர்கள் சொல்லும் காரணங்களில், வீடு மாறுவதும் புது வீட்டில் அனுமதி கிடைக்காததும் பல நாடுகளில் முன்வரிசையில் இருக்கின்றன. அந்தப் பிராணி எந்தத் தவறும் செய்திருக்காது.

இதை விலங்குகள்மீது உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் தாங்களே நாய் வளர்க்கிற வீட்டுக்காரர்கள்கூட மறுக்கிறார்கள். அவர்கள் நிலையில் நின்று கணக்குப் போட்டால் காரணம் தெரியும். சம்மதித்தால் அவருக்குப் புதிதாக எதுவும் வந்துவிடப் போவதில்லை. ஏதாவது ஆகிவிட்டால் பழுதுபார்க்கும் செலவும் பக்கத்து வீட்டுப் புகாரும் அவர் தலையில் விழும். மறுத்தாலோ இழப்பே இல்லை, கேட்டு வருகிற அடுத்த ஆள் இருக்கிறார். வீடுகளுக்குத் தட்டுப்பாடு இருக்கும் காலத்தில் மறுப்பு கூடுவதும், வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் அதே உரிமையாளர் இறங்கிவருவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கில் அவருக்குத் தெரியாத ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: வரப்போகிற பிராணி எப்படிப்பட்டது, அதை வளர்க்கிறவர் எப்படிப்பட்டவர். அந்தத் தெரியாமையைக் குறைக்கிற எதுவும் வீடு கிடைக்க உதவுகிறது. அதைக் கூட்டுகிற எதுவும், குறிப்பாகப் பிராணியை மறைத்துக் குடிபோவது, பிராணி வளர்க்கிற எல்லோருக்கும் வீடு கிடைப்பதைக் கடினமாக்குகிறது.

எது உண்மையான பயம்?

வீட்டுக்காரரின் அச்சங்களில் சில நியாயமானவை. அவற்றைப் பிராணி வளர்ப்பவர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருக்க வேண்டும். முதலில் வாடை. பூனையின் சிறுநீரில் உள்ள யூரிக் அமில உப்புகள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. சோப்புப் போட்டுத் துடைத்தால் அன்றைக்கு வாடை போனதுபோல இருக்கும், காற்றில் ஈரம் ஏறும் நாளில் திரும்பி வரும். பூனைச் சிறுநீரில் ஃபெலினைன் என்ற பொருளும் இருக்கிறது. அது சிதையும்போது கந்தகம் கலந்த காட்டமான நாற்றம் கிளம்புகிறது. கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் இது மிக அதிகம், சுவரில் பீய்ச்சி அடிக்கும் பழக்கமும் அவற்றுக்குத்தான் அதிகம். மரத்தரை, பூசாத சிமெண்ட், கம்பளம் போன்றவை இதை உள்ளே இழுத்துக்கொண்டால், மேற்பரப்பைப் பெயர்த்தெடுக்கும் நிலைகூட வரலாம். கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலான ஆண் பூனைகள் பீய்ச்சுவதை விட்டுவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. "கருத்தடை ஆகிவிட்டது, இதோ மருத்துவரின் சான்று" என்ற ஒரு வரி வீட்டுக்காரரின் மிகப் பெரிய பயத்துக்கு நேரடியான பதில்.

வாடையை எடுப்பதற்கு என்சைம் கலந்த துப்புரவுத் திரவங்கள் இருக்கின்றன. அவை யூரிக் அமிலத்தையே சிதைப்பதால் வேலை செய்கின்றன. அம்மோனியா கலந்த திரவத்தைப் பயன்படுத்தினால் அந்த வாசனை பூனையை அதே இடத்துக்கு மறுபடியும் அழைக்கும். பிளீச்சிங் திரவம் ஊற்றுவது ஆபத்து: சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு உண்டாகும்.

அடுத்தது உண்ணியும் தெள்ளுப்பூச்சியும். தெள்ளுப்பூச்சி கூட்டுப்புழுப் பருவத்தில், கூட்டுக்குள் பல மாதங்கள் அசையாமல் காத்திருக்கும். ஆள் நடமாட்டத்தின் அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு ஆகியவற்றை உணர்ந்ததும் வெளியே வரும். பழைய குடித்தனக்காரர் நாயோடு போய்ச் சில மாதம் பூட்டியிருந்த வீட்டில், புதிதாக வந்தவர்களைக் கூட்டமாகக் கடிப்பது இப்படித்தான். ஒருமுறை இதில் மாட்டிக்கொண்ட உரிமையாளர் அடுத்த முறை நாய் என்ற பேச்சை எடுக்கவே விடமாட்டார். மாதந்தோறும் தடுப்பு மருந்து கொடுக்கிற நாய்க்கும் கொடுக்காத நாய்க்கும் உள்ள வித்தியாசம் வீட்டைப் பொறுத்தவரை மிகப் பெரியது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் நாய்தான்.

ஒவ்வாமையும் கற்பனை இல்லை. பூனை ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான புரதம் அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருந்து வருகிறது. மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு காற்றில் மிதக்கும், சுவரிலும் திரைச்சீலையிலும் படியும். பூனை போன பிறகும் பல மாதங்கள் அது வீட்டில் இருக்கும். அடுத்துக் குடிவருபவருக்கு ஆஸ்துமா இருந்தால் உரிமையாளருக்கு அது உண்மையான பிரச்சினை. தரை, சுவர், மெத்தைத் துணிகள் எல்லாவற்றையும் ஆழமாகச் சுத்தம் செய்து ஒப்படைக்கிறேன் என்று எழுதித் தருவதற்கு இதனால்தான் மதிப்பு.

நகக்கீறல், கடித்த கதவு விளிம்பு போன்றவை கண்ணுக்குத் தெரிகிற சேதம். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவை எளிதில் கணக்கிடலாம் என்பதால் சண்டையும் குறைவு. அடுக்குமாடியில் எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி சத்தம்தான். அதிலும் ஆள் இல்லாத நேரத்துக் குரைப்பு. வளர்ப்பவர் வேலைக்குப் போன பிறகு நாய் பிரிவுப் பதற்றத்தில் மணிக்கணக்கில் ஊளையிடும், அவர் திரும்பி வரும்போது வாலாட்டிக்கொண்டு நிற்கும். "எங்கள் நாய் குரைக்கவே குரைக்காது" என்று அவர் மனசார நம்பிச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு கதை தெரியும். வீடு தேடத் தொடங்குவதற்கு முன்பே, வெளியே போகும் நேரத்தில் ஒரு கைப்பேசியை ஒலிப்பதிவு செய்ய வைத்துவிட்டுப் போவது நல்லது. பிரச்சினை இருந்தால், தனியாக இருக்கப் பழக்குவதற்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும். குடிபோன பிறகு, புகார் வந்துகொண்டிருக்கும் நிலையில், அதைச் செய்ய நேரம் கிடைக்காது.

வேடிக்கை என்னவென்றால், யாருமே ஆட்சேபிக்காத மீன்தொட்டி ஒரு வீட்டுக்கு நாயைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்க முடியும். 200 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. கண்ணாடியும் மணலும் கல்லும் தனி. விரிசல் விட்டால் கீழ்வீட்டுக் கூரை வரை நனையும். கிளி இனங்களில் பெரியவை போடும் சத்தம் பல நாய்களைத் தோற்கடிக்கும். முயல் மின்கம்பியைக் கடிக்கும். ஆனாலும் விளம்பரங்களில் "நாய், பூனை கூடாது" என்றுதான் இருக்கும். உண்மையான அபாயத்தை அளந்து போட்ட தடை இது இல்லை, பழக்கத்தில் வந்த தடை என்பதற்கு இது ஒன்றே போதும்.

தெரியாதபோது அளவுகோல் தப்பாகிறது

எதிரில் இருப்பது எப்படிப்பட்டது என்று தெரியாதபோது மனிதர்கள் கண்ணில் படுவதை வைத்து முடிவெடுக்கிறார்கள். நாய் என்றால் உருவமும் இனமும். சிறிய நாய் சரி, பெரிய நாய் வேண்டாம் என்பது பரவலான விதி. சில நாடுகளில் காப்பீட்டு நிறுவனங்களே சில இனங்களைப் பட்டியல் போட்டு விலக்குவதால், உரிமையாளர் விரும்பினாலும் அனுமதிக்க முடிவதில்லை. ஆனால் 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, மரபணுத் தரவுகளோடு ஒப்பிட்டது. நாய்களுக்கு இடையில் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணம் என்று கண்டது. ஒரு நாய் அமைதியாக இருக்குமா என்பதை அதன் இனத்தின் பெயர் சொல்லிவிடாது. நாள் முழுக்கத் தூங்கும் கிரேஹவுண்டு பெரிய நாய், வாசலில் நிழல் ஆடினாலும் குரைக்கும் நாய்களில் கையடக்கமானவை நிறைய உண்டு. எடைக்கு வரம்பு வைக்கும் வீட்டுக்காரர் தான் பயப்படுகிற விஷயத்தை அளக்கவே இல்லை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970இல் விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது இந்த வகை ஆய்வுக்காகத்தான். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார். நல்ல காரையும் மோசமான காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், எல்லாக் காருக்கும் மோசமான காரின் விலையைத்தான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் விற்காமல் விலகிக்கொள்வார். மிச்சம் இருப்பது மோசமானவை. வாடகைச் சந்தையிலும் இதேதான் நடக்கிறது. எல்லாப் பிராணிக்கும் ஒரே தடை என்று ஆனதும், பொறுப்பாக வளர்ப்பவருக்கு உண்மையைச் சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. சிலர் மறைத்துவிட்டுக் குடிபோகிறார்கள். பிடிபடுகிறார்கள். "பிராணி வளர்ப்பவர்கள் பொய் சொல்வார்கள்" என்று உரிமையாளர் முடிவு கட்டுகிறார். தடை இன்னும் இறுகுகிறது.

மறைப்பதால் வருகிற கஷ்டம் அந்தக் குடும்பத்தோடும் நிற்பதில்லை. மறைத்து வளர்க்கும் நாயை வேளைக்கு வெளியே அழைத்துப்போக முடியாது. ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் பிராணியை வேறு எங்கோ கொண்டுபோய் வைக்க வேண்டும். பழுதுக்கு ஆள் கூப்பிடவே பயம். இப்படி அடைபட்ட நாய்தான் அதிகம் குரைக்கிறது, அதிகம் கடித்துத் தள்ளுகிறது. வீட்டுக்காரர் எதற்குப் பயந்தாரோ அது அவர் போட்ட தடையாலேயே நடந்துவிடுகிறது.

சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகளில் பூனை வளர்ப்பது பல பத்தாண்டுகள் தடை செய்யப்பட்டிருந்தது. தடை இருந்த காலத்திலும் பூனைகள் வளர்ந்துகொண்டுதான் இருந்தன, எல்லோருக்கும் அது தெரியும். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு 2 பூனைகள் வரை அனுமதி, ஆனால் உரிமமும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சிப்பும் கட்டாயம் என்று மாற்றினார்கள். ஏற்கெனவே அதிகமாக வைத்திருப்பவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவு செய்துகொள்ளவும் வழி விட்டார்கள். யாரிடம் எந்தப் பூனை இருக்கிறது என்பதே தெரியாத நிலையைவிட இது எல்லோருக்கும் மேல்.

சட்டம் எங்கே உதவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது?

பிராணி வளர்க்கும் வாடகைதாரருக்குச் சட்டங்கள் இரண்டு வழிகளில் கைகொடுக்கின்றன. ஒன்று, தடை விதிக்கும் ஒப்பந்த வரியையே செல்லாததாக்குவது. பிரான்சில் 1970ஆம் ஆண்டுச் சட்டமே அப்படிச் சொல்கிறது. ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்ட சில நாய்கள் மட்டும் விலக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் இதையே செய்கிறது. ஜெர்மனியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 மார்ச்சில், நாயும் பூனையும் அடியோடு கூடாது என்று அச்சடித்த ஒப்பந்தங்களில் போடும் பொதுவான வரி செல்லாது, ஒவ்வொரு வழக்கிலும் இரு தரப்பு நலனையும் எடைபோட வேண்டும் என்றது.

இரண்டாவது வழி, அனுமதி கேட்கும் முறையை ஒழுங்குபடுத்துவது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2020 மார்ச் முதல், வாடகைதாரர் எழுத்தில் கேட்டால் உரிமையாளர் நினைத்தபடி மறுத்துவிட முடியாது. மறுக்க வேண்டுமானால் 14 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் சம்மதித்ததாகவே பொருள். இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், பிராணி வளர்க்க எழுத்தில் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. உரிமையாளர் 28 நாளுக்குள் பதில் தர வேண்டும், நியாயமான காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது. எனக்கு இந்த இரண்டாம் வழிதான் மேலாகப் படுகிறது. மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற நிலை வந்ததும், பேச்சு "நாயா?" என்பதிலிருந்து "இந்த வீட்டுக்கு இந்த நாய் சரிவருமா?" என்பதற்கு நகர்ந்துவிடுகிறது.

ஆனால் இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை வேலை செய்வது கையெழுத்துப் போட்ட பிறகுதான். அதற்கு முன், ஐந்து விண்ணப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், நாய் இருக்கும் குடும்பத்தை உரிமையாளர் ஓரங்கட்டிவிட்டால் கேட்பாரில்லை. ஒன்டாரியோவில் இது எல்லோருக்கும் தெரிந்த ஓட்டை. ஒப்பந்த வரி செல்லாது என்பதாலேயே உரிமையாளர்கள் முன்கூட்டியே வடிகட்டப் பார்க்கிறார்கள்.

உரிமையாளர் சம்மதித்தாலும் குடியிருப்போர் சங்கம் என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. சிட்னியில் ஓர் அடுக்குமாடியின் முழுத் தடை விதியை எதிர்த்த வழக்கில், நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அந்த விதியைச் செல்லாது என்றது. இந்தியாவில் விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், கேரள உயர் நீதிமன்றம் 2021இல் வழங்கிய தீர்ப்பும், பிராணி வளர்ப்பதைச் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்கின்றன. இவை சங்கங்களைக் கட்டுப்படுத்துகின்றனவே தவிர, ஓர் உரிமையாளர் யாருக்கு வீடு விடுவது என்பதை மாற்றுவதில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வீட்டுக்காரரிடம் சட்டம் பேசப் போனால் வீடு கிடைக்காது. சங்கத்தின் விதிகளைக் குடிபோவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள். எந்த லிஃப்ட், எந்த வாசல், எங்கே நடக்கவிடலாம் என்ற சின்ன விஷயங்களில்தான் பிறகு சண்டை வரும்.

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவி விலங்குகளின் கதை வேறு. அமெரிக்காவின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் உட்படப் பல நாட்டுச் சட்டங்கள் அவற்றைச் செல்லப் பிராணியாகவே கருதுவதில்லை, ஆகவே பிராணிக்கான கட்டணமும் கேட்க முடியாது. செல்ல நாயை உதவி நாய் என்று போலிச் சான்று காட்டி நுழைப்பவர்கள், உண்மையிலேயே அந்த நாயை நம்பி வாழ்கிறவர்களின் வழியை அடைக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது.

கூடுதல் முன்பணம் தருகிறேன் என்பது பலரும் முதலில் நீட்டும் சலுகை. கேட்டுக்கொண்டு செய்யுங்கள். முன்பணத்துக்குச் சட்ட வரம்பு உள்ள இடங்களில் உரிமையாளர் அதை வாங்குவதே குற்றமாகலாம். இங்கிலாந்தில் 2019 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு 5 வார வாடகைதான் உச்சவரம்பு, பிராணிக்கென்று தனியாகச் சேர்க்க முடியாது.

தெரியாமையைக் குறைப்பது எப்படி?

பிராணியைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது பல இடங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. அழகான புகைப்படம் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வீட்டுக்காரர் பயப்படுகிற விஷயம் ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருந்தால்தான் பயன். வயது, கருத்தடை, தடுப்பூசித் தேதிகள், உண்ணி மருந்து எப்போது கொடுக்கிறீர்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும், நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், சிகிச்சை பார்க்கும் மருத்துவர் யார். இவற்றோடு, முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளரின் கடிதம். இருப்பதிலேயே வலுவானது அதுதான், ஏனென்றால் அது மட்டும்தான் உங்கள் வாயால் வராத சாட்சி. நாயோடு நேரில் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். போவதற்கு முன் நன்றாக நடக்கவைத்துக் களைப்பாக்கி அழைத்துப் போங்கள்.

எப்போது சொல்வது? முதல் வரியிலேயே நாய் என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடியலாம். ஒப்பந்தம் எழுதும் நாளில் சொன்னால் ஏமாற்றியதுபோல ஆகும். வேலை, குடும்பம், எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்பதையெல்லாம் சொன்ன பிறகு, வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன் சொல்வதே என் பார்வையில் சரி. எவ்வளவு காலம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், உரிமையாளரின் கணக்கில் ஆதாயப் பக்கத்தில் எழுத நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பிராணி அனுமதிக்கும் வீடுகளில் குடித்தனக்காரர்கள் சராசரியாக 46 மாதங்கள் தங்கினார்கள், அனுமதிக்காத வீடுகளில் 18 மாதங்கள்தான். வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் உரிமையாளருக்கு நட்டம் என்பதால், இந்த வித்தியாசம் சில கீறல்களைவிடப் பெரிய தொகை.

வாய்வார்த்தையாகக் கிடைக்கும் சம்மதத்தை நம்பிக் குடிபோகாதீர்கள். தரகர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பார். வீடு கைமாறினால், அல்லது உரிமையாளரின் மகன் பொறுப்பெடுத்தால், அந்தச் சம்மதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எந்தப் பிராணி, எத்தனை, என்ன நிபந்தனை என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இயல்பான தேய்மானமும் சேதமும் வேறு வேறு என்பதும் அதில் இருக்கட்டும்: காலப்போக்கில் மங்கிய சுண்ணாம்பு தேய்மானம், நாய் சுரண்டிய கதவு சேதம். சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்குவதற்கு முன், கதவுகளின் கீழ்விளிம்பு, தரை, சுவர் மூலைகள் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். முந்தைய ஆளின் நாய் போட்ட கீறலுக்கு உங்கள் முன்பணம் போவதை அது தடுக்கும்.

வீடு மாறுவது பிராணிக்கும் அதிர்ச்சிதான். முதல் சில வாரங்களில் வரும் குரைப்பும் தப்பி ஓடுவதும்தான் அக்கம்பக்கத்தில் பெயரைக் கெடுத்துவிடும். பூனையை முதலில் ஒரே அறையில் வைத்து, பழைய விரிப்பும் மணல்தட்டும் அங்கேயே இருக்கட்டும். அறை அறையாகத் திறந்துவிடுங்கள். வெளியே போய்ப் பழகிய பூனையாக இருந்தாலும் குறைந்தது இரண்டு மூன்று வாரம் உள்ளேயே வைத்திருங்கள், பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். அடையாளச் சிப்பு இருந்தால் அதில் 15 இலக்க எண் மட்டும்தான் இருக்கும். உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் பதிவேட்டில் இருக்கும், அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். நாயைப் பொறுத்தவரை, முதல் வாரம் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுத்து, பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி என்று தனிமைக்குப் பழக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, "சத்தம் கேட்டால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டால், புகார் உரிமையாளரிடம் போவதற்கு முன் உங்களிடம் வரும்.

காலி செய்யும் நாளில் என்சைம் திரவத்தால் சுத்தம் செய்து, பூச்சி மருந்து அடித்த ரசீதோடு சாவியைக் கொடுங்கள். உரிமையாளரும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், அப்போதே, பிராணியால் சேதம் எதுவும் இல்லை என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுக்குக் கேட்கும்போது முதலில் காட்ட வேண்டிய தாள் அது.